அப்பிளும் பெயார்ஸும் ஒரே சாதியா?

தோழியரே, அப்பிள் உரோசாவின் உறவு என்றால் நம்புவீர்களா? காட்டு உரோசாவைப் போலவே அப்பிள் பூவிலும் ஐந்து அல்லிகளும் பல கேசரங்களும் உள்ளன. பெயார்ஸும் ஸ்ட்ரோபெரியும் இதே குடும்பமே.

1753இல் கரோலஸ் லினேயஸ் அப்பிளையும் பெயார்ஸையும் 'பைரஸ்' என்ற ஒரே சாதிக்குள் அடக்கினார். இலண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தின் பொறுப்பாளர் பிலிப் மில்லர் அதை ஏற்கவில்லை. 1754இல் அப்பிளை 'மாலஸ்' எனத் தனிச் சாதியாகப் பிரித்தார். எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் ஒன்றின் ஒட்டு மற்றதில் பிடிப்பதில்லை என்பது அவர் காட்டிய காரணம். இன்றைய தாவரவியலும் அவற்றைத் தனித்தனிச் சாதிகளாகவே கொள்கிறது.

பூவிலும் வேறுபாடு தெரியும். அப்பிளின் தம்பங்கள் அடியில் இணைந்திருக்கும். பெயார்ஸில் அவை தனித்தனியே நிற்கும். பெயார்ஸைக் கடிக்கும்போது மணல்போல நெருடுபவை தடித்த சுவருள்ள கலங்கள்.

பெயரை வைத்தும் உறவு சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் நமது ஜம்புவும் விளாம்பழமும்கூட 'அப்பிள்' தான். ஆனால் ஜம்பு கொய்யாவின் உறவு. விளா தோடையின் உறவு.

பேரறிஞர் சொல்லிவிட்டார் என்பதற்காக மில்லர் தம் கையனுபவத்தைக் கைவிடவில்லை. இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்தது அதுவே. பாடநூலைப் படிப்போம், பூவையும் வெட்டிப் பார்ப்போம்.