பஞ்சமம் நிற்கும் இடம்

பெரம்பூரில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பல வருடம் ஆகியிருந்ததால் என் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கார ஆன்ட்டி, எழுபது வயதைத் தாண்டியவர், "ஓவர் த ரெயின்போ பாடுறேன், நீ வாசி தம்பி" என்றார்.

நான் ஜாஸ் பியானோ படிக்கத் தொடங்கி அப்போது இரண்டு வருடம். ரீஹார்மனைசேஷன் கைக்கு வந்துகொண்டிருந்த நேரம். பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு அடியில் ஒலிக்கும் கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, வேறாக மாற்றி வாசிப்பதற்குத்தான் அந்தப் பெயர். வாரக்கணக்கில் இதே பாட்டில் பழகியிருந்தேன்.

முதல் மூன்று பார் (இந்தப் பாட்டில் ஒரு பார் என்பது நாலு தட்டு) நன்றாகப் போயிற்று. நாலாவது பாரில் மெட்டு பஞ்சமத்தில் வந்து நீளமாக நிற்கும். ஆன்ட்டி கண்ணை மூடி அந்த 'ப'வைப் பிடித்தார். நான் அடியில் புதுக் கார்டை வைத்தேன். அவர் குரல் ஆடியது, கொஞ்சம் கீழே இறங்கியது, நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து, "நான் நிக்கிற இடத்துல தரையை உருவிட்டியே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தரை போனதை அவர் உடம்பு உணர்ந்தது, அதைச் சொன்னார்.

ரீஹார்மனைசேஷன் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கியது.

அன்று நான் செய்தது இதுதான். பாட்டை சி மேஜரில் வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் சி-யை சட்ஜமமாக வைத்தால் சங்கராபரணம்; ஜி தான் 'ப'. நாலாவது பாரில் சாதாரணமாக சி கார்டு வாசிப்பார்கள். அடுத்த பாரில் எஃப் வரப்போகிறது. அதனால் சி-யை சி செவன் ஆக்கலாம். சி செவன் இயல்பாகவே எஃப்-ஐத் தேடிப் போகும். ஜாஸ் வாசிப்பவர்கள் இன்னொரு படி போவார்கள். சி செவனுக்கு உயிர் கொடுப்பவை ஈ, பி ஃபிளாட் என்ற இரண்டு சுரங்கள். அதே இரண்டும் எஃப் ஷார்ப் செவனுக்குள்ளும் இருக்கின்றன. ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைக்கலாம். அடிச்சுரம் எஃப் ஷார்ப்பிலிருந்து எஃப்-க்கு அரைப்படி வழுக்கி இறங்கும். டிரைடோன் பதிலி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதைத்தான் வைத்தேன்.

நான் கவனிக்காதது பாடுகிறவர் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்பதை. அவர் 'ப'வில் நிற்கிறார். என் இடது கை பிரதி மத்யமத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அரைச்சுர இடைவெளிதான். கச்சேரியில் ஒருவர் பஞ்சமத்தில் கார்வை பிடிக்கும்போது தம்புராவைப் பிரதி மத்யமத்துக்கு மாற்றினால் எப்படி இருக்குமோ அப்படி.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தபோது ஒரு விதி கிடைத்தது. பழைய கார்டின் ஐந்தாவது சுரம் மெட்டில் நீண்டு நிற்கும் இடத்தில் டிரைடோன் பதிலி வைக்கக் கூடாது. அந்த ஐந்தாவது சுரம் புதுக் கார்டின் மூலச்சுரத்துக்கு அரைப்படி மேலே போய் உட்கார்ந்துவிடும். மெட்டில் இருப்பது பழைய கார்டின் மூன்றாவது சுரமாகவோ ஏழாவது சுரமாகவோ இருந்தால் கவலை இல்லை, அவை இரண்டு கார்டுக்கும் பொது. மூலச்சுரமாக இருந்தால் இன்னும் அழகு: அது புதுக் கார்டுக்குப் பிரதி மத்யமம் போல, மேலே ஒரு வெளிச்சமாக நிற்கும்.

இதே பொறி ஏழாவது பாரிலும் இருக்கிறது. அங்கே ஜி செவன் வரும் பாதியில் மெட்டு டி-யைத் தொடுகிறது; டி, ஜி செவனுக்கு ஐந்தாவது. டி ஃபிளாட் செவன் வைக்கக் கை துடிக்கும். வைக்காதீர்கள். அடுத்து வரும் ஈ, ஜி செவனின் பதின்மூன்றாவது சுரமாக அழகாகவே இருக்கிறது. அந்த இடம் மாற்றம் கேட்கவில்லை.

நாலாவது பாருக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பாட்டிலேயே செழிப்பான இடம் அது. நாலு தட்டு முழுக்க ஒரே சுரம். முதல் இரண்டு தட்டுக்கு ஈ மைனர் செவன், அடுத்த இரண்டுக்கு ஈ ஃபிளாட் செவன், ஐந்தாவது பாரின் தொடக்கத்தில் எஃப்-க்குப் பதில் அதன் நெருங்கிய உறவான டி மைனர் செவன். அடிச்சுரம் ஈ, ஈ ஃபிளாட், டி என்று படிப்படியாக இறங்குகிறது. மேலே 'ப' அசையவில்லை. ஆனால் ஈ மைனரில் அது சின்ன மூன்றாவது. ஈ ஃபிளாட்டில் பெரிய மூன்றாவது. ஒரே சுரம் முதலில் ஏக்கமாகக் கேட்டு, அங்கேயே நின்றபடி மலர்கிறது. பியானோவில் இதைப் பத்து முறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். கீழே ஒரு விரல் அரைப்படி நகர்ந்ததற்கு மேலே என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

இந்த ஈ ஃபிளாட் செவனும் டிரைடோன் பதிலிதான், ஏ செவனுக்குப் பதிலாக வந்தது. ஏ செவனில் ஜி ஏழாவது சுரம். ஈ ஃபிளாட் செவனில் மூன்றாவது. பொதுச் சுரம் என்பதால் பாடுகிறவரின் காலடியில் தரை உறுதியாக இருக்கிறது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஆன்ட்டி அதே பாட்டைப் பாடினார். நான் இதை வைத்தேன். 'ப'வை வழக்கத்தைவிட ஒரு தட்டு கூடுதலாகவே பிடித்தார்.

அதிலிருந்து எந்தப் பாட்டை எடுத்தாலும் முதலில் நீளமாக நிற்கும் சுரங்களைத் தேடுகிறேன். மெட்டு ஓடும் இடத்தில் கார்டை மாற்றினால் கேட்பவர் காதில் நெரிசல்தான் மிஞ்சும். மெட்டு நிற்கும் இடத்தில் மாற்றினால் அந்தச் சுரத்துக்கு ஒரு புது உறவு கிடைக்கிறது. ஒரு தாளில் அந்தச் சுரத்தை எழுதி, அது எந்தெந்தக் கார்டுக்கு என்னவாகும் என்று குறித்துக்கொள்வேன். உதாரணத்துக்கு சி: சி கார்டுக்கு மூலம், ஏ மைனருக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் மூன்றாவது, எஃப்-க்கு ஐந்தாவது, டி செவனுக்கும் டி ஃபிளாட் மேஜர் செவனுக்கும் ஏழாவது, பி ஃபிளாட்டுக்கு ஒன்பதாவது. ஒருவரே ஒரு வீட்டில் மகள், இன்னொரு வீட்டில் மருமகள், வேறொரு வீட்டில் அத்தை என்பது மாதிரி. ஆள் மாறவில்லை, முறை மாறுகிறது. இந்தத் தாளை எழுதிப் பழகியவருக்குப் புத்தகச் சூத்திரங்கள் அவ்வளவாகத் தேவைப்படாது.

இந்தப் பாட்டின் கதையிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1939-ல் எம்ஜிஎம் எடுத்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்துக்காக ஹாரல்ட் ஆர்லன் இசையமைத்தார், யிப் ஹார்பர்க் எழுதினார். ஆர்லன் முதலில் இதைப் பியானோவில் விரிந்த, கனமான கார்டுகளோடு வாசித்துக் காட்டியபோது ஹார்பர்க்குக்குப் பிடிக்கவில்லை. கான்சாஸ் பண்ணையில் இருக்கும் ஒரு சின்னப் பெண் பாடுவதற்கு இது மிகப் பெரியது என்று நினைத்தார். இருவரும் பாடலாசிரியர் ஐரா கெர்ஷ்வினிடம் கொண்டுபோனார்கள். கொஞ்சம் வேகமாக, கார்டுகளை மெலிதாக்கி வாசித்துப் பார் என்று அவர் சொன்னார். அப்படி வாசித்ததும் பாட்டு வெளிப்பட்டது. ஹார்பர்க் பின்னாளில் பலமுறை சொன்ன செய்தி இது. படம் வெளிவருவதற்கு முன் இந்தப் பாட்டையே வெட்டப் பார்த்தார்கள் என்பதும், தப்பிப் பிழைத்து அந்த வருடத்துக்கான ஆஸ்கரை வாங்கியது என்பதும் பலருக்குத் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது கெர்ஷ்வின் சொன்னதுதான். கார்டுகளைக் குறைத்ததால் பிறந்த பாட்டு இது. இதில் கார்டு சேர்க்க உட்காருகிறவர் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் முதல் பாரை நான் தொடுவதில்லை. சட்ஜமத்திலிருந்து மேல் சட்ஜமத்துக்கு ஒரே தாவலில் போகும் அந்த எட்டு சுரத் தூரம்தான் பாட்டின் முகம். ஜூடி கார்லண்ட் அதைப் படத்துக்காகப் பாடியபோது வயது 16. அந்தத் தாவலுக்கு அடியில் சி, ஏ மைனர் செவன் போதும். பாட்டு ஏ, ஏ, பி, ஏ என்ற 32 பார் அமைப்பில் இருக்கிறது. முதல் பகுதி மூன்று முறை வரும். முதல் தடவை கிட்டத்தட்ட மூலத்தை அப்படியே வாசிக்கிறேன். இரண்டாம் தடவை நாலாவது பார் மட்டும். மூன்றாம் தடவைதான் மற்ற மாற்றங்கள். கேட்பவருக்குப் பழையது காதில் பதிந்திருந்தால்தான் புதியது புதியதாகக் கேட்கும்.

ஐந்தாவது பாரில் ஒரு நடைமுறைச் சிக்கல். மெட்டு அங்கே நடு சி-க்குக் கீழே உள்ள ஏ வரை இறங்கிவிடும். இடது கைக்கு இடமே இருக்காது. டி மைனர் செவனின் நாலு சுரத்தையும் வைத்தால், ஏழாவது சுரமான சி மெட்டுக்கு மேலே போய் மெட்டை மறைத்துவிடும். டி-யும் அதற்கு மேல் ஒரு எஃப்-ம் மட்டும் வையுங்கள். பாரின் இரண்டாம் பாதியில் மெட்டு எஃப்-க்குத் தாவும்போது பி ஃபிளாட் செவன். அங்கிருந்து சி-க்குத் திரும்புவது, முன்வாசல் வழியாக வராமல் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வருவது போல இருக்கும். ஜாஸ்காரர்களும் அதைக் கொல்லைவாசல் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆறாவது பாரில் எனக்கு நேர்ந்த தவறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாதியில் ஏ செவன் வரும். கைக்குப் பழகிய ஏ தர்டீன் வடிவத்தை யோசிக்காமல் வைத்தேன். அதில் எஃப் ஷார்ப் இருக்கிறது. மெட்டில் அந்தப் பாரின் கடைசிச் சுரம் வெறும் எஃப். மாதக்கணக்கில் என் இரண்டு கையும் அங்கே மோதிக்கொண்டிருந்தன. ஏதோ உறுத்துகிறது என்று தெரிந்தது, எது என்று தெரியவில்லை. கைபேசியில் பதிவுசெய்து, மெட்டை மட்டும் வாயால் பாடிக்கொண்டே கேட்டபோதுதான் பிடிபட்டது. இப்போது அந்த எஃப்-ஐயே கார்டுக்குள் சேர்த்துக்கொள்கிறேன். புத்தகத்தில் படித்த வடிவம் எதுவானாலும், மெட்டின் சுரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம்.

நடுப்பகுதியின் தொடக்கம் எளிது. அங்கே ஜி, ஈ என்ற இரண்டே சுரங்களுக்கு நடுவே மெட்டு ஊஞ்சல் ஆடுகிறது. கீழே சி, டி மைனர், ஈ மைனர், எஃப் என்று ஏறிப் போங்கள். எதுவும் மோதாது.

கார்டுகளை யோசிப்பதற்கு முன் அடிச்சுர வரியை மட்டும் எழுதிக்கொள்வது நல்லது. இடது கையில் ஒரே ஒரு விரலால் அடிச்சுரம், வாயில் மெட்டு. இரண்டும் சேர்ந்து பாட்டாகக் கேட்டால், நடுவில் உள்ள சுரங்கள் தாமாக இடம் தேடிக்கொள்ளும். ஒரு கார்டின் ஏழாவது சுரம் பெரும்பாலும் அரைப்படியோ ஒரு படியோ இறங்கி அடுத்த கார்டின் மூன்றாவதாகும். அந்த வழியில் விடுங்கள். கீழ்ப்பகுதியில் சுரங்களை நெருக்கமாக வைக்காதீர்கள், கலங்கல் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். இதற்கு கிராண்ட் பியானோ வேண்டியதில்லை. 61 கீ உள்ள கீபோர்டு போதும்.

கேட்கவும் நிறைய இருக்கிறது. ஜாஸ் பியானோக் கலைஞர் ஆர்ட் டாட்டம் இந்தப் பாட்டைப் பலமுறை பதிவுசெய்திருக்கிறார்; எத்தனை கார்டு மாற்றினாலும் மெட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்காது. பட் பவல் 1951-ல் தனியாக வாசித்தது இன்னொன்று. என்னிடம் கேட்டால் கீத் ஜாரெட் 1995-ல் மிலான் லா ஸ்கலா அரங்கில் கச்சேரி முடிவில் வாசித்ததை முதலில் கேளுங்கள் என்பேன். கடினமான நீண்ட வாசிப்புக்குப் பிறகு இந்தச் சின்னப் பாட்டை அவர் எவ்வளவு மரியாதையோடு தொடுகிறார் என்று பாருங்கள்.

முடிவில் மட்டும் நான் கொஞ்சம் தாராளமாக இருப்பேன். கடைசிச் சுரம் சி. அதை விடாமல் பிடித்துக்கொண்டு முதலில் ஏ ஃபிளாட் மேஜர் செவன், பிறகு டி ஃபிளாட் மேஜர் செவன், கடைசியில் சி. ஒரே சட்ஜமம் மூன்றாவதாக, ஏழாவதாக, பிறகு தானாக. பாடுகிறவருக்கு மூச்சு இருக்கும்வரை இதைத் தாமதிக்கலாம்.

இந்த வாரம் ஒரு பாட்டு முழுவதையும் மாற்ற உட்காராதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த படப்பாட்டு ஒன்றில் நீளமாக நிற்கும் ஒரே ஒரு சுரத்தை எடுங்கள். அதற்கு இரண்டு கார்டு கண்டுபிடியுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, பக்கத்தில் நின்று அந்த வரியைப் பாடச் சொல்லுங்கள். அவர் குரல் ஆடினால் உங்கள் கார்டு தவறு.