கழிவுக்கும் ஒரு கட்டம் போடு

அம்மிணிக்கு,

உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். ஆல்கஹாலையும் அமீனையும் ருத்தேனியம் கொண்டு நேரே அமைடாக்கியிருக்கிறாய். வெளியேறுவது ஹைட்ரஜன் மட்டும். 2007-ல் மில்ஸ்டீன் ஆய்வகத்திலிருந்து இந்த வழி வந்தபோது, கட்டுரையின் முதல் பெயர் குணநாதன் என்று பார்த்து நான் பூரித்துப் போனேன்.

செய்முறைப் பக்கத்துக்கு வந்ததும் எரிச்சல் பொங்கியது. டைகுளோரோமீத்தேனில் மூன்று முறை பிரித்தெடுப்பு, பிறகு சிலிக்கா காலம் (column). அரை கிராம் அமைடுக்கு எத்தனை லிட்டர் கரைப்பான் போயிற்று? விளைச்சலுக்குக் கட்டம் போட்ட அட்டவணையில் கழிவுக்கு ஒரு கட்டம் இல்லை. ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு என்று ஷெல்டன் 1992-லேயே கணக்குக் கேட்டுவிட்டார்.

நொய்யல் கரையில் பிறந்தவர்கள் இதை விடலாமா? திருப்பூரில் சாயம் துணியில் நன்றாகத்தான் பிடித்தது. அதைப் பிடிக்க வைக்கக் கொட்டிய உப்புதான் அலசிய தண்ணீரோடு ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரை, திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே தடுக்கும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வினை முடிந்த பிறகு வருவதை யாரும் தன் கணக்கில் எழுதாததால் வந்த வினை அது.

எங்கள் நாளில் அமிலத்தையும் அமீனையும் இணைத்து அமைடாக்க டிசிசிதான். ஒரு மோலுக்கு வெளியேற வேண்டியது 18 கிராம் தண்ணீர். எங்களுக்கு வந்து சேர்ந்ததோ டிசிசியிலிருந்து உண்டாகும் 224 கிராம் வெள்ளை டைசைக்ளோஹெக்சைல்யூரியா. குளிர வைத்து வடிகட்டுவோம், மறுபடி வடிகட்டுவோம், அப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். பக்கத்து மேசைக்காரருக்கு டிசிசி பட்டுப் பட்டுக் கையெல்லாம் தடித்துவிட்டது. அந்தத் தொல்லையிலிருந்து விடுபட்ட நீங்கள் சிலிக்கா காலத்தில் போய் மாட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான் மனசு பொறுக்கவில்லை.

தயோஅமைடுக்கு லாவெசன் ரியேஜென்டைத் தொடாமல் வெறும் கந்தகப்பொடியை எடுத்தாயே, அது அபாரம்! ஏழாவது சேர்மத்தை எத்தனாலில் குளிர வைத்து, சிலிக்கா காலமே போடாமல் மஞ்சள் படிகமாக இறக்கியிருக்கிறாய். அந்த ஒரு பத்திக்காகவே உனக்குப் பட்டம் கொடுக்கலாம், கண்ணு.

ஆனால் அந்தத் தயோஅமைடு வினைக்கு வினையூக்கி போடாத ஓட்டம் எங்கே? ஆல்டிஹைடு, அமீன், கந்தகம் மூன்றையும் சூடாக்கினாலே தயோஅமைடு வரும் என்பது 1923-ல் கிண்ட்லர் காட்டியது. உன் உலோகம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை அந்த வெற்று ஓட்டம்தான் சொல்லும். தேர்வாளர் கேட்கும் முன்னால் செய்துவிடு. அமைடுகளிலும் கெட்டியாக உறையும் மூன்றை எடுத்து, படிகமாக்கி மட்டும் சுத்தம் செய்து பார். விளைச்சல் பத்து சதவீதம் குறைந்தாலும் அப்படியே எழுது. பக்கத்திலேயே கழிவின் எடையையும் எழுது. அந்த அட்டவணையை முதலில் எனக்கு அனுப்பு.