500 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் ஃபைல் ஏன் நகரவில்லை?

கேள்வி: வடபழனியில் சிறிய போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோ நடத்துகிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கிளையன்ட்டின் லினக்ஸ் சர்வருக்கு வாரம் ஒருமுறையாவது 200 ஜிபி அனுப்ப வேண்டியிருக்கிறது. 500 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் போட்டிருக்கிறோம். ஸ்பீடு டெஸ்ட்டில் முழு வேகமும் காட்டுகிறது. ஆனால் எஸ்எஃப்டிபியில் அனுப்பினால் 65 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதே இல்லை. பிங் 240 மில்லி செகண்ட் வருகிறது. லைன் கொடுத்தவர்கள் 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?
- வாசகர், சென்னை-26

பதில்: மாறாதீர்கள். 1 ஜிபிபிஎஸ் போட்டாலும் இதே 65தான் வரும், பில் மட்டும் கூடும். உங்கள் லைன் மீது எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் கொடுத்திருக்கும் இரண்டு எண்களே, 65-ம் 240-ம், எங்கே சிக்கல் என்பதைச் சொல்லிவிட்டன.

இணையத்தில் ஃபைலைச் சுமந்து செல்லும் டிசிபி, அனுப்பிய பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று பதில் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராமல் எவ்வளவு டேட்டாவை வழியில் விட்டுவைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதை ‘விண்டோ’ என்பார்கள். மண்டிக்காரர் ஒரு கடைக்கு இத்தனை மூட்டை வரைதான் கடன் என்று வைத்திருப்பார் இல்லையா? பணம் வந்து சேர்கிறவரை அடுத்த மூட்டை இறங்காது. பக்கத்துத் தெருக் கடை என்றால் பணம் உடனே வந்துவிடும், சரக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கடை வெளியூரில் இருந்தால் லாரி சும்மா நிற்கும். லாரியைப் பெரிதாக்கி என்ன பயன்?

உங்கள் விஷயத்தில் கடை மிகத் தொலைவில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நேர்கோட்டிலேயே 14,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 140 மில்லி செகண்ட், இதை யாராலும் குறைக்க முடியாது. கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு மட்டுமே 3,200 கிலோமீட்டர் கடலடிக் கேபிள், அதற்குப் பிறகு பசிபிக். எனவே 240 என்பது நியாயமான எண்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 500 எம்பிபிஎஸ்ஸை 240 மில்லி செகண்டால் பெருக்கினால் 120 மெகாபிட், அதாவது 15 எம்பி. உங்கள் லைன் நிரம்பி ஓட வேண்டும் என்றால் எந்த நேரமும் 15 எம்பி டேட்டா வழியில் இருந்தாக வேண்டும். ஆனால் எஸ்எஃப்டிபி என்ன செய்கிறது? வழக்கமான ஓப்பன் எஸ்எஸ்எச்சில் அது ஃபைலை 32 கேபி துண்டுகளாக வெட்டி, பதில் வராத துண்டு 64 சேர்ந்ததும் நின்றுவிடுகிறது. 64 முறை 32 கேபி, மொத்தம் 2 எம்பி. அதன் அடியில் இருக்கும் எஸ்எஸ்எச் சேனலுக்கும் 2 எம்பிதான் வரம்பு. ஆக, 240 மில்லி செகண்டுக்கு ஒருமுறை 2 எம்பி. விநாடிக்கு எவ்வளவு என்று பார்த்தால் 70 எம்பிபிஎஸ். மேல்செலவு போக உங்களுக்குக் கிடைப்பது 65.

ஸ்பீடு டெஸ்ட் மட்டும் எப்படி முழு வேகம் காட்டுகிறது? அது பெரும்பாலும் சென்னையிலேயே இருக்கும் சர்வரோடு பேசுகிறது. போய்வர 5 மில்லி செகண்ட் என்றால் 0.3 எம்பி வழியில் இருந்தாலே 500 எம்பிபிஎஸ் நிரம்பிவிடும். போதாக்குறைக்கு அது ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது. ஊருக்குள் லைன் நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

செலவில்லாத தீர்வு அந்த ‘பல இணைப்பு’தான். ஃபோல்டரைப் பிரித்து, ஆறு எஸ்எஃப்டிபி இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். எல்எஃப்டிபி, ஆர்க்ளோன் போன்ற இலவச மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்யும். ஆறு இணைப்புக்கு 390 எம்பிபிஎஸ். இப்போது 7 மணி நேரம் பிடிக்கும் வேலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடியும். எட்டு வைத்தால் லைன் முழுதும் நிரம்பும், ஆனால் அலுவலகத்தில் வேறு யாரும் வீடியோ காலில் பேச முடியாது. ஆறே போதும்.

ஒற்றை இணைப்பிலேயே வேகம் வேண்டும் என்றால், பிட்ஸ்பர்க் சூப்பர் கம்ப்யூட்டிங் சென்டர் உருவாக்கிய எச்பிஎன்-எஸ்எஸ்எச் என்ற திருத்தப்பட்ட பதிப்பை இரு முனையிலும் போட வேண்டும். அப்போது இன்னொரு தடை தலைகாட்டும். லினக்ஸில் டிசிபி அனுப்பும் பஃபரின் உச்ச வரம்பு வழக்கமாக 4 எம்பி, பெறும் பஃபருக்கு 6 எம்பி. உங்களுக்குத் தேவை 15 எம்பி. இரண்டையும் 32 எம்பிக்கு உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு முனையில் மட்டும் உயர்த்தினால் பலன் இருக்காது.

இதையெல்லாம் செய்தும் வேகம் ஏறவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பாக்கெட் இழப்பு. ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை இரு முனையிலும் ஓட்டி, எத்தனை பாக்கெட்டை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது என்று பாருங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு நெட்வொர்க்கான ஈஎஸ்நெட்டில், பழுதான ஒரு ரவுட்டர் கார்டு 22,000 பாக்கெட்டுக்கு ஒன்று வீதம் தவறவிட்டது. கட்டடத்துக்குள் யாரும் அதைக் கவனித்திருக்க முடியாது. தொலைதூர இணைப்புகளிலோ வேகம் அடியோடு சரிந்தது. ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி வேகத்தை வெட்டிக்கொள்ளும், மீண்டும் ஏற எவ்வளவு நேரம் என்பதைத் தூரம் தீர்மானிக்கும். பழைய ‘ரீனோ’ முறையில் 240 மில்லி செகண்ட் தூரத்துக்கு லட்சத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தாலே வேகம் 20 எம்பிபிஎஸ் அருகில் நின்றுவிடும். லினக்ஸில் 2006 முதல் வழக்கத்தில் இருக்கும் ‘க்யூபிக்’ இதைவிட நன்றாகத் தாங்கும். கூகுள் 2016-ல் வெளியிட்ட ‘பிபிஆர்’ சிறு இழப்புகளுக்கு அசைவதில்லை. இழப்பு தெரிந்தால் அனுப்பும் சர்வரில் பிபிஆரைப் போட்டுப் பாருங்கள்.

லைன் கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. “லாஸ் ஏஞ்சலிஸ் வரை பாக்கெட் இழப்பு எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

---

கேள்வி: பதிலுக்குக் காத்திருப்பதும், ஒரு பாக்கெட் போனால் வேகத்தைக் குறைப்பதும்தான் பிரச்சினை என்றால், டிசிபியை விட்டுவிட்டு, பதில் கேட்காமலே அனுப்பும் யுடிபியில் முழு வேகத்தில் அனுப்பிவிடலாமே?
- கணினி அறிவியல் மாணவி, திருச்சி

பதில்: 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் 400 கஜம்தான். அந்த இணைப்பின் வேகம் 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து விநாடிக்கு 40 பிட்டாக விழுந்தது, அதாவது எண்ணூறில் ஒரு பங்கு. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைந்தன. தொலைந்ததை எல்லோரும் உடனே மறுபடி அனுப்பினார்கள், நெரிசல் இன்னும் கூடியது. ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988-ல் கட்டுரையாக வெளியிட்டார். இழப்பைக் கண்டால் வேகத்தைக் குறை என்ற கட்டுப்பாடு அங்கிருந்து வந்தது. இன்று இணையம் கோடிக்கணக்கானோரைத் தாங்கி நிற்பதற்கு இந்தத் தயக்கமே முதல் காரணம் என்பேன்.

ஆனால் அந்தத் தயக்கம் தொலைதூர அதிவேக லைனுக்கு அளவு மீறியது என்பதும் உண்மை. சாலி ஃப்ளாய்ட் 2003-ல் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 100 மில்லி செகண்ட் தூரத்தில் பழைய டிசிபி 10 ஜிபிபிஎஸ்ஸை நிரப்பி ஓட வேண்டுமானால், 500 கோடி பாக்கெட்டுக்கு ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. இரண்டு இழப்புகளுக்கு நடுவே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி வேண்டும். நடைமுறையில் இது எந்த லைனிலும் கிடைக்காது.

எனவே யுடிபியில் போனவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கட்டுப்பாட்டைக் கைவிட்டுப் போகவில்லை. சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான யுடிடி, திரைப்பட நிறுவனங்கள் வெகுவாகப் பயன்படுத்தும் அஸ்பெரா (2014 முதல் ஐபிஎம்மிடம் இருக்கிறது), இப்போது பிரவுசர்களில் ஓடும் குவிக் எல்லாமே யுடிபி மீது நடப்பவைதான். தொலைந்ததை மறுபடி கேட்பது, வேகத்தை அளந்து கூட்டிக் குறைப்பது இரண்டையும் அவை தாமே செய்கின்றன. நீங்கள் புராஜெக்ட்டுக்காக யுடிபியில் எழுதுவதானால் முதலில் எழுத வேண்டியது வேகக் கட்டுப்பாட்டைத்தான். அது இல்லாத புரோகிராமைக் கல்லூரி நெட்வொர்க்கில் ஓட்டாதீர்கள்.

---

கேள்வி: ட்ரோன் சர்வே படங்கள் 5 லட்சம், ஒவ்வொன்றும் 300 கேபி. ஜெர்மனிக்கு அனுப்ப மூன்று நாள் ஆகிறது. மொத்தம் 150 ஜிபிதானே?
- வாசகர், கோவை

பதில்: அளவு சிறிதுதான், எண்ணிக்கை பெரிது. எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, எழுது, மூடு என்று குறைந்தது மூன்று முறை போய்வர வேண்டும். ஜெர்மனிக்குப் போய்வர 150 மில்லி செகண்ட் என்று வைத்தால், 5 லட்சம் ஃபைலுக்குக் காத்திருப்பு மட்டும் 62 மணி நேரம். படங்களை ‘டார்’ செய்து பத்துப் பெரிய ஃபைலாக்கி அனுப்புங்கள். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் ஜிப் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

---

கேள்வி: கருந்துளையை முதன்முதலில் படம் பிடித்தபோது டேட்டாவை விமானத்தில் ஹார்ட் டிஸ்க்காக அனுப்பினார்கள் என்று படித்தேன். விஞ்ஞானிகளுக்கே இணையம் போதவில்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஆமாம் ஐயா, விமானத்தில்தான் போனது. 2017 ஏப்ரலில் ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் என ஆறு இடங்களில் இருந்த எட்டுத் தொலைநோக்கிகள் ஒன்றுசேர்ந்து பதிவு செய்தன. தென்துருவத்திலிருந்து பார்க்க முடியாத எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்தை மற்ற ஏழும் ஒரே நேரத்தில் பார்த்தன. ஒவ்வோர் இடத்திலும் விநாடிக்கு 32 ஜிகாபிட் வரை, அதாவது 4 ஜிபி, பதிவானது. மொத்தம் சுமார் 5 பெட்டாபைட். 1 ஜிபிபிஎஸ் லைன் இடைவிடாமல் நிரம்பி ஓடினால் ஒரு நாளைக்கு 10.8 டெராபைட் போகும். அந்தக் கணக்கில் 5 பெட்டாபைட்டுக்கு 460 நாளுக்கு மேல் ஆகும். மலையுச்சிகளிலும் துருவத்திலும் அப்படிப்பட்ட லைனை நிரப்பி ஓட்டவும் வழியில்லை.

எனவே ஹீலியம் நிரப்பிய ஹார்ட் டிஸ்க்குகள் அமெரிக்காவில் எம்ஐடியின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியில் பான் நகரத்து மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கும் விமானத்தில் போயின. மலையுச்சியில் காற்று மெல்லியது, சாதாரண டிஸ்க் அங்கே தடுமாறும். ஹீலியம் டிஸ்க் காற்றுப் புகாமல் மூடப்பட்டது. தென்துருவத்து டிஸ்க்குகளுக்காக மட்டும் எல்லோரும் காத்திருந்தார்கள். அங்கே குளிர்காலம் முழுக்க விமானம் இறங்க முடியாது. ஏப்ரலில் பதிவானது டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. 2019 ஏப்ரல் 10 அன்று படம் வெளியானது.

ஆனால் ஹார்ட் டிஸ்க்தான் என்றைக்கும் மேல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் மோதல் கருவி வெளியிடும் டேட்டா ஆண்டு முழுக்கக் கேபிள் வழியாகவே உலகெங்கும் பிரிந்து போகிறது. மும்பையில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், கொல்கத்தாவில் சைக்ளோட்ரான் மையம் இரண்டும் அதைப் பெறும் கணினி மையங்கள். அங்கே நல்ல கேபிள் இருக்கிறது, வேலை தினமும் நடக்கிறது, அனுப்பும் முறையைப் பல ஆண்டுகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். நம்மில் யாருக்கும் பொருந்தும் கணக்கு எளிதானது: அனுப்ப வேண்டிய டெராபைட்டை உங்கள் லைன் உண்மையில் தரும் வேகத்தால் வகுங்கள். கூரியர் போய்ச் சேரும் நாள், டிஸ்க்கில் ஏற்றி இறக்கும் நேரம் இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அது அதிகம் என்றால், தயங்காமல் டிஸ்க்கை அனுப்புங்கள்.

---

கேள்வி: முழு ஃபைலும் போனது, அங்கே திறக்க மறுக்கிறது. ஏன்?
- வாசகி, புதுச்சேரி

பதில்: டிசிபியின் பிழைச் சோதனை வெறும் 16 பிட். நூற்றுக்கணக்கான ஜிபி போகும்போது அதை மட்டும் நம்பக் கூடாது. டிஸ்க்கிலோ மெமரியிலோ பிழை வந்தாலும் அதற்குத் தெரியாது. அனுப்பும் முன் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டை எடுத்து அந்தப் பட்டியலையும் கூடவே அனுப்புங்கள். அங்கே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத ஃபைலை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். பட்டியல் ஒத்துப்போகும்வரை இங்குள்ள மூலத்தை அழிக்காதீர்கள்.

(இந்தப் பகுதிக்குக் கேள்வி அனுப்புவோர் நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: பிங் எத்தனை மில்லி செகண்ட், பயன்படுத்தும் மென்பொருள் எது, ஃபைல்களின் எண்ணிக்கை, கிடைக்கும் வேகம். ‘லைன் ஸ்லோவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் பதில் சொல்ல வழியில்லை.)