கொற்கைக்கு ஒரு நாள்: தூத்துக்குடியிலிருந்து காரில், வழிகாட்டியுடன்

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, இன்று தாமிரபரணியின் வடகரையில் வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே இருக்கும் ஒரு சிற்றூர். கடல் அங்கிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளத் தள்ள, துறைமுகமும் கடலைத் தேடிக் கீழே இறங்கியது. கொற்கைக்குப் பின் பழையகாயல், அதற்குப் பின் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. இந்த நான்கையும், ஆற்றின் மேல்பகுதியில் உள்ள ஆதிச்சநல்லூரையும், ஒரே நாளில் காரில் சுற்றி வந்துவிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கோ மாமல்லபுரத்துக்கோ போகிறவருக்குக் கல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கொற்கையில் அப்படி நிமிர்ந்து நிற்கும் எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது மண்ணுக்கு அடியிலும் நிலத்தின் சாய்விலும் இருக்கிறது. அதனால் இந்தப் பயணத்தில் வண்டியையும் வழிகாட்டியையும் பொறுக்கி எடுப்பதுதான் முதல் வேலை.

தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் பேருந்துகளுக்குக் குறைவில்லை. ஆனால் முக்காணியிலிருந்து மேற்கே திரும்பி கொற்கை, ஏரல் வழியாகப் போய், ஆற்றைக் கடந்து தென்கரை வழியாகத் திரும்புவதற்குப் பேருந்தை நம்பினால் நாள் போதாது. சுற்று முழுவதும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வாடகை பேசும்போது இந்தக் கணக்கு மனத்தில் இருக்க வேண்டும். உள்ளூர் வாடகைக்காரர்கள் பலர் எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று பேசுவார்கள். அதைக் கேட்டு ஒப்புக்கொண்டவர், மாலையில் கூடுதல் கிலோமீட்டருக்கும் கூடுதல் மணிக்கும் சேர்த்துக் கொடுக்கும்போது திகைத்துப் போவார். போகும் ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, ஓட்டுநர் பேட்டா, ஏ.சி., டீசல், வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டு, தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மஞ்சள் நம்பர் பலகை உள்ள வண்டியே வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி செல்லாது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையும் சந்தேகம்தான். கொற்கைப் பக்கச் சாலைகள் குறுகலானவை. எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். நாலு பேருக்குச் சிறிய கார் போதும், பெரிய வேன் தொல்லை.

வழிகாட்டி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெரிய நினைவுச் சின்னங்களின் வாசலில் அடையாள அட்டையோடு வழிகாட்டிகள் நிற்பதுபோல் கொற்கையில் யாரும் நிற்பதில்லை. ஓட்டுநரே வழிகாட்டுவார் என்று சொல்லி அனுப்பும் ஏற்பாட்டில், கோயிலுக்குக் கோயில் இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்வது மட்டுமே நடக்கும். வட்டார வரலாறு படித்த ஆசிரியர், அகழாய்வில் வேலை செய்த உள்ளூர்க்காரர், கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்தவர் ஆகியோரில் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதே பலன் தரும். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அவருடைய தரத்தை அறிந்துவிடலாம். “கொற்கையில என்ன பார்க்கலாம்ணே?” என்று கேட்டால், “கோயில் இருக்கு, மரம் இருக்கு” என்று நிறுத்துபவர் ஒரு வகை. “ஆறு முன்னால எங்க ஓடுச்சுன்னு காட்டுறேன், தோண்டின இடத்தையும் காட்டுறேன், காலையிலேயே வந்துருங்க” என்பவர் இன்னொரு வகை. இரண்டாமவருக்குக் கூலி கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். அவருக்கான தொகையைக் கார் வாடகையோடு கலக்காமல் தனியே பேசி, அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கப் பேசியவரின் கூலி இடையில் ஒருவர் கையில் தேயக் கூடாது.

கிளம்ப ஏற்ற மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் வெட்டவெளியில் நிற்க முடியாது. ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி அடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாமிரபரணிக் கரையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது; ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டன. திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம், புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசரா. அந்நாட்களில் திருச்செந்தூர் சாலை கூட்டத்தால் நிறைந்துவிடும்.

காலை ஆறு மணிக்குப் பனிமய மாதா பேராலயத்திலிருந்து தொடங்குவது முறையாக அமையும். 1713 ஆகஸ்ட் 5 அன்று திறக்கப்பட்ட இந்தக் கோயில் 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களின் வாழ்வு இதைச் சுற்றியே அமைந்தது. பக்கத்தில்தான் பழைய துறைமுகம். தோணிகளில் சரக்கு ஏற்றுவதை வழிகாட்டியின் துணையோடு வெளியிலிருந்து பார்க்கலாம். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் விடமாட்டார்கள். வாசலில் நின்று கேட்டுப் பார்ப்பதில் நேரம்தான் போகும்.

முத்துக்குளிப்பைப் பற்றி வழிகாட்டி பேச வேண்டியது இந்தக் கரையில் நிற்கும்போதுதான், காருக்குள் அல்ல. கடலுக்கு அடியில் சிப்பி படியும் கற்பாங்கான திட்டுகளுக்குப் பார் என்று பெயர். குளியாளி கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவார். தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில்தான் அவருடைய உயிர். சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கும் பங்கு இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒன்றும் சுறாவைக் கட்டுபவருக்கு இருபதில் ஒன்றும் போனதாக எழுதியிருக்கிறார். சிப்பி எல்லா ஆண்டும் படிவதில்லை. பல ஆண்டுகள் பார் வெறுமையாகக் கிடக்கும், பிறகு திடீரென்று நிறையும். தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் இங்குள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. ஆகவே, “தூத்துக்குடிக் கடல் முத்து” என்று இன்று தெருவில் நீட்டப்படும் மணியை வாங்காமல் இருப்பதே அறிவு. பவளப்பாறைத் துண்டுகளைக் கேட்கவே வேண்டாம்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை, வைத்திருப்பதே குற்றம். முத்துக்குளிப்பு நின்றாலும் சங்கு குளிக்கும் தொழில் நிற்கவில்லை. அந்தத் தொழிலில் இருந்த பெரியவர் ஒருவரோடு கால் மணி நேரம் பேச வழிகாட்டி ஏற்பாடு செய்தால், அந்த நாளில் கிடைத்ததில் மிகச் சிறந்தது அதுவாகவே இருக்கும்.

நகரைத் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள். மழைக்காலத்தில் அவை வெறும் நீர்நிலை. கோடையில் உப்பு வாருபவர்கள் விடியலிலேயே வேலைக்கு இறங்கியிருப்பார்கள். கூசும் வெயிலில் உழைக்கும் அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அடுத்து வருவது பழையகாயல். மார்க்கோ போலோ சொன்ன காயல் துறைமுகம் இந்தப் பகுதிதான். இங்கே வண்டியை நிறுத்தி அதிக நேரம் செலவிடத் தேவையில்லை; சாலையிலிருந்து கிழக்கே கடல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த ஊரில் அந்த அளவு உதவும்.

கொற்கையை ஒன்பது மணிக்குள் அடைந்துவிட வேண்டும். வெற்றிவேல் அம்மன் கோயிலும், குளமும், மிகப் பழமையானது என்று ஊரார் போற்றும் வன்னி மரமும் உண்டு. இவற்றை மட்டும் பார்ப்பவருக்கு அரை மணியில் வேலை முடிந்துவிடும், ஏமாற்றமும் வந்துவிடும். வழிகாட்டி இருப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். சங்கப் பாடல்கள் முத்துக்காகக் கொண்டாடிய ஊர் இது. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான ‘பெரிப்ளூஸ்’ இதைக் கொல்கி என்று குறித்து, இங்கே தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்து எடுக்கப்பட்டதாகச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமியும் குறிப்பிட்டார். ராபர்ட் கால்டுவெல் 1870களில் இங்கும் காயலிலும் தோண்டிப் பார்த்தார். 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் ஏறத்தாழ கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021இல் துறை மீண்டும் தோண்டியது. இந்தச் செய்திகளை வீட்டிலேயே படித்துவிட்டு வந்தால், ஊரில் நிற்கும் நேரத்தை நிலத்தைப் பார்ப்பதற்குச் செலவிடலாம். குளத்தின் கரையில் நின்று கிழக்கே பார்க்கும்போது, கடலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே உள்ள வயல் எல்லாம் ஆறு போட்ட மண் என்பதை வழிகாட்டி கையை நீட்டிக் காட்ட வேண்டும். அதுதான் கொற்கையின் உண்மையான காட்சி.

உழுத நிலத்தில் சங்குத் துண்டும் பானை ஓடும் கண்ணில் படும். எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். சட்டைப்பைக்குள் போன ஓடு எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை யாராலும் பிறகு சொல்ல முடியாது. வயலுக்குள் இறங்குமுன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. “அண்ணாச்சி, கொஞ்சம் பார்த்துட்டுப் போயிருதோம்” என்று சொன்னால் பெரும்பாலும் அவரே கூட வந்து காட்டுவார். இவ்வளவு பெயர் பெற்ற ஊரில் ஒரு நல்ல காட்சிக்கூடம் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எழாமல் இருக்காது. அது நியாயமான எண்ணமும்கூட.

ஏரல், பெருங்குளம் வழியாக ஸ்ரீவைகுண்டம் போய் ஆற்றைக் கடந்தால் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்புள்ள பரம்பு, முழுவதும் முதுமக்கள் தாழிகள். 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை தோண்டிய அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல, இரும்புப் பொருட்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடியும் தோண்டியது. 2023 ஆகஸ்ட் 5 அன்று, அகழாய்வுக் குழியிலேயே தாழிகளை வைத்து மேலே கண்ணாடி பொருத்திய தளக் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. கொற்கையில் கற்பனையால் நிரப்பிக்கொண்டதை இங்கே கண்ணால் காணலாம் என்பதால், இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது. தொல்லியல் துறையின் தள அருங்காட்சியகங்கள் பல வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்; முந்தின நாளே கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். கண்ணாடிக்கு அடியில் இருப்பவை மனிதர்களை அடக்கம் செய்த தாழிகள் என்பதைக் குழந்தைகளிடம் முன்னதாகச் சொல்லிவைத்தால் அவர்கள் அமைதியாகப் பார்ப்பார்கள்.

வாடகைக்காரர்கள் தரும் பட்டியலில் இதே நாளில் நவதிருப்பதிப் பெருமாள் கோயில்களும் திருச்செந்தூரும் சேர்ந்திருக்கும். ஒப்புக்கொள்ளக் கூடாது. பெருமாள் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். அவற்றை நடுவில் சொருகினால் காத்திருப்பதிலேயே நாள் கழியும். பகல் சாப்பாட்டை ஓட்டுநரும் வழிகாட்டியும் பயணிகளோடு ஒரே இடத்தில் முடித்துக்கொள்வது நல்லது. காலையில் சொல்லாமல் விட்ட பல செய்திகள் அப்போதுதான் வெளியே வரும்.

ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாகத் தென்கரைச் சாலை மீண்டும் கடலை நோக்கி இறங்குகிறது. காயல்பட்டினத்தில் பழைய பள்ளிவாசல்களைப் பார்க்க விரும்புபவர்கள் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அனுமதி கேட்டு, அடக்கமான உடையில் போக வேண்டும். வீடுகளுக்கு நடுவே பெண்கள் புழங்கும் முடுக்குகளில் வெளியாட்கள் நுழைவது முறையல்ல. அங்கிருந்து ஆத்தூர் வந்து, வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டிக் கிழக்கே போனால் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் இதுதான். போர்த்துகீசியர் காலத்தில் முத்துக்குளித்துறையின் முதன்மை ஊராக விளங்கியது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளார் தங்கிப் பணியாற்றிய ஊரும் இதுவே. மாலை நாலரைக்கு மேல் போனால் வெயில் தாழ்ந்திருக்கும், படகுகள் கரையில் இருக்கும். கழிமுகத்தில் நீரோட்டம் கடுமையானது. குளிக்க இறங்கக் கூடாது.

இருட்டுமுன் தூத்துக்குடி திரும்பிவிடலாம். கணக்குத் தீர்க்கும்போது கிலோமீட்டர் மானியின் காலை அளவையும் மாலை அளவையும் ஓட்டுநருடன் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. தூத்துக்குடி மக்ரூன் இனிப்பை வாங்குபவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் கட்டச் சொல்ல வேண்டும், கடற்காற்றில் அது விரைவில் நமுத்துவிடும். திருச்செந்தூரும், 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் மணற்குன்றின் மேல் நிற்கும் மணப்பாடும் தெற்கே ஒரே திசையில் இருப்பதால், அவற்றை மறுநாளுக்கு வைத்து அதே காரைப் பேசிக்கொள்ளலாம். இரண்டு நாட்களுக்குச் சேர்த்துப் பேசினால் வாடகையும் குறையும்.