கண்டதும் கருதியதும்

சென்னை மாநகரின் தென்பாகத்தில் அடையாறு கடலொடு கலக்கின்றது. அதன் கழிமுகத்தை ஒட்டி வடபால் அமைந்திருப்பது ராஜா அண்ணாமலைபுரம். ஆங்கே உட்புறமாக வளைந்து செல்லும் உவர்நீர்க் கழியொன்று உண்டு. குப்பை கூளங்களால் சீர்கெட்டிருந்த அக்கழியின் ஒரு பகுதி, 58 ஏக்கர் பரப்பில் திருத்தப்பெற்று, தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரொடு 2011ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கடல்நீர் ஏறி இறங்கும் அவ்விடத்தில் அலையாத்தி மரங்கள் பசுமையாக வளர்கின்றன. ஆனால், வீட்டுத் தோட்டத்துக் கீரைப் பாத்தியில் உப்புநீரை ஊற்றினாலோ, கீரை வாடிவிடுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் மாணவர் உள்ளத்தில், உப்புநீர் செடியின் உயிரணுவை யாது செய்கின்றது என்னும் வினா எழுதல் இயல்பு.

இவ்வினாவுக்கு விடை காண உயிரியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வெங்காயமே போதும். ஆயின், ஆய்வைச் செய்துவிட்டதனால் மாணவர் கடமை முடிந்துவிடாது. செய்ததையும் கண்டதையும் பிறர் அறியுமாறு எழுதி வைத்தல் வேண்டும். அவ்வெழுத்தே ஆய்வறிக்கை எனப்படும். அது நோக்கம், பொருள்கள், செய்முறை, காட்சி, முடிவு என ஐந்து உறுப்புகளை உடையது.

நோக்கம் என்பது ஆய்வு எவ்வினாவை நாடியது என்பதனைக் கூறுவது. அஃது ஒரு தொடரில் அடங்குதல் நன்று. பொருள்கள் என்பதன்கீழ் நிறமுள்ள பெரிய வெங்காயம், உப்பு, தூய நீர், இடுக்கி, கண்ணாடித் தகடுகள், ஒற்றுத்தாள், நுண்ணோக்கி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். செய்முறையோ, அறிக்கையைப் படிக்கும் வேறொருவர் அவ்வாய்வை அவ்வாறே மீண்டும் செய்தற்கு வழிகாட்டுவது. ஆதலின், “சிறிது உப்புநீர் விட்டோம்” என்றெழுதுதல் போதாது. “100 மில்லிலிட்டர் நீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, அதில் இரண்டு துளிகளை உரிமீது விட்டு, பத்து நிமிடம் சென்றபின் நோக்கினோம்” என்று அளவும் காலமும் தோன்ற எழுதுதல் வேண்டும். தூய நீரிலேயே இட்டுவைத்த மற்றோர் உரியையும் உடன்வைத்து நோக்கியதனைக் கூறுதலும் இன்றியமையாதது. ஒப்பிடுதற்கு ஒன்று இல்லையேல், காணும் மாற்றம் உப்பினால் வந்ததா, பிறிதொன்றால் வந்ததா என்று துணிதல் இயலாது.

அடுத்து வரும் காட்சி, முடிவு என்னும் இரண்டு உறுப்புகளே அறிக்கையின் உயிர்நிலை. நம் முன்னோர் அறிவுக்கு வழியாகிய அளவைகளை வகுத்தபொழுது, காட்சி என்றும் கருதல் என்றும் வேறுபிரித்துக் கூறினர். கண்ணால் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். ஆய்வறிக்கையிலும் இவ்விரண்டும் தம்முள் மயங்குதல் கூடாது. உப்புநீர் பட்ட உரியில், உயிரணுவின் சுவர் நின்றவாறு நிற்க, ஊதாநிற உட்பொருள் சுவரைவிட்டு விலகிச் சுருங்கியிருந்தது என்பது காட்சி. உயிரணுவின் உள்ளிருந்த நீர் சவ்வின் வழியாக வெளியேறியது என்பது கருதல். நீர் வெளியேறியதை எவரும் கண்ணால் கண்டிலர். அதனைக் காட்சியின்கீழ் எழுதுவோர், தாம் காணாத ஒன்றைக் கண்டதாகக் கூறுவோர் ஆவர். படம் வரைவதிலும் இதுவே முறை. பாடநூலில் உள்ளதை வரையாமல், நுண்ணோக்கியில் தெரிந்ததையே வரைதல் வேண்டும்.

இனி, மாணவர் ஒருவரின் உரியில் சுருக்கம் யாதும் தோன்றவில்லை என்று கொள்வோம். பக்கத்தில் இருப்பவரின் உரியில் அது நன்கு தெரிகின்றது. பாடநூலும் அவ்வாறே கூறுகின்றது. அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டால் மதிப்பெண் கிட்டும் என்னும் ஆசை அப்பொழுது எழக்கூடும். அறிக்கை எழுதுவோரின் நேர்மை சோதிக்கப்படும் இடம் இதுவே. “சுருக்கம் காணப்படவில்லை” என்று எழுதுவதே முறை. உப்புநீர் உரியின் கீழ்ப்புறம் சென்று சேராதிருக்கலாம். உரிக்கும்பொழுதே உயிரணுக்கள் சிதைந்து மாய்ந்திருக்கலாம். இவ்வாறு கூடிய காரணங்களைக் குறித்து, வேறோர் உரியைக் கொண்டு மீண்டும் செய்து, அதன் விளைவையும் எழுதுதல் வேண்டும். பிழைத்த ஆய்வு மறுமுறை செய்தால் திருந்தும். பொய்யாக எழுதிய அறிக்கையோ, அதனை நம்பிப் பின்வருவோர் அனைவரையும் வழி தவறச் செய்யும்.

முடிவு கூறுங்கால், கண்டதன் எல்லையைக் கடத்தலும் குற்றமாம். வெங்காய உரியில் கண்டதைக் கொண்டு, “உப்புநீரில் எச்செடியும் வாழாது” என்று எழுதிவிட்டால், ராஜா அண்ணாமலைபுரத்துக் கழியில் நிற்கும் அலையாத்தி மரமே அம்முடிவை மறுத்துவிடும். அலையாத்தி இனங்களுட் சில, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகின்றன. வேறு சில, உட்சென்ற உப்பை இலைகளின் வழியே வெளிப்படுத்துகின்றன. ஆதலின், “இவ்வளவு உப்புக் கரைந்த நீரில் வெங்காய உரியின் உயிரணுக்கள் சுருங்கின” என்று அடங்கக் கூறுவதே தக்கது.

இவ்வடக்கம் பேரறிஞர்க்கும் உரியதே. இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திலும் தொண்டாற்றியவர் ரொனால்டு ராஸ். மலேரியாக் காய்ச்சலைக் கொசுக்கள் பரப்புகின்றனவா என்பதை அறிய அவர் முயன்றார். பலவகைக் கொசுக்களை அறுத்து நோக்கியும் நெடுங்காலம் பயன் கிட்டவில்லை. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியின் குருதியை உண்ட புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில், கருமணிகள் பொருந்திய உருண்டை அணுக்களைக் கண்டார். மறுநாள் மற்றொரு கொசுவிலும் அவற்றைக் கண்டார். அவை முன்னவற்றினும் பெரியனவாக இருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பு, மலேரியாக் குருதியை உண்ட இரண்டு கொசுக்களில் காணப்பட்ட புதுமையான அணுக்கள் பற்றியது என்றே அமைந்தது. மலேரியாவின் மருமத்தை வென்றுவிட்டதாக அத்தலைப்பு முழங்கவில்லை. கண்டது இரண்டு கொசுக்களில். கூறியதும் இரண்டு கொசுக்களைப் பற்றியே. 1898இல் கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆராய்ந்து, கொசுவே அவற்றின் மலேரியாவைப் பரப்புவது என்று நிறுவினார். மனிதரிடத்தும் அஃது அவ்வாறே என்பதை அவ்வாண்டிலேயே இத்தாலிய அறிஞர் மெய்ப்பித்தனர். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இரண்டு கொசுக்களைப் பற்றி எழுதிய அச்சிற்றறிக்கை, கோடிக்கணக்கான மக்களை வாட்டிய நோயைத் தடுக்கும் வழிக்கு முதற்படியாயிற்று.

பள்ளி மாணவர் எழுதும் அறிக்கை ஆசிரியர் ஒருவர் கண்ணுக்கே செல்வதாயினும், அதற்குரிய அறம் இதனின் வேறன்று. கண்டதைக் குறையாமலும் மிகையாமலும் கூறி, கருதியதைக் கருதியதாகவே காட்டி, அளவு பிறழாமல் எழுதப் பழகும் மாணவர் அறிவியலோடு வாய்மையையும் ஒருங்கே கற்பவர் ஆவர்.