டோக்கன் வாங்கினால் ஷேர் வாங்கியதாகுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்துவிட்டீர்கள் என்றால், திரையில் முதலில் வந்து விழுபவை விளம்பரங்கள்தான். அவற்றில் ஒரு வகை இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆப்பிள், டெஸ்லா போன்ற அமெரிக்க நிறுவனங்களை வீட்டிலிருந்தபடியே வாங்கலாம், சில நூறு ரூபாய் போதும், இரவு பகல் எந்நேரமும் வாங்கலாம் விற்கலாம் என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே விற்பது ஷேர் அல்ல, டோக்கன்.

ஓய்வு பெற்ற பிறகு லேப்டாப் வாங்கிய என் பெரியப்பா இதைப் பார்த்துவிட்டு, "ஷேர் விலையும் டோக்கன் விலையும் ஒன்றாகத்தானே இருக்கிறது? அப்புறம் என்னப்பா வித்தியாசம்?" என்று கேட்டார். பணி ஓய்வில் வந்த தொகையில் ஒரு பகுதியை அதில் போடலாமா என்பது அவருடைய யோசனை. நியாயமான கேள்விதான். ஆனால் வித்தியாசம் விலையில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஷேர் எங்கே இருக்கிறது?

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். எனக்கு எதைப் பார்த்தாலும் டேட்டாபேஸாகத்தான் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால் ஷேர் என்பது ஒரு பெயர்ப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. "இந்த நிறுவனத்தில் இன்னாருக்கு இத்தனை பங்குகள்" என்று எழுதிய வரி. அந்த வரியை எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது, அதற்குச் சட்டத்தின் துணை உண்டா என்பதே முக்கியம்.

பெரியப்பா காலத்தில் அந்த வரிக்குச் சாட்சியாகக் காகிதச் சான்றிதழ் வரும். விற்பதென்றால் டிரான்ஸ்பர் படிவத்தில் கையெழுத்து, அது சரியில்லை என்று திரும்பி வருவது, தபாலில் தொலைவது என்று பெரும்பாடு. 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. அதே ஆண்டில் என்.எஸ்.டி.எல்., 1999-ல் சி.டி.எஸ்.எல். என இரண்டு டெபாசிட்டரிகள் இயங்கத் தொடங்கின. காகிதம் போய் டீமேட் கணக்கு வந்தது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஷேர்கள் புரோக்கரின் கம்ப்யூட்டரில் இல்லை. புரோக்கரின் செயலி வெறும் ஜன்னல். பதிவு இருப்பது டெபாசிட்டரியில், உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணுடன். டெபாசிட்டரி சட்டத்தின் 10-வது பிரிவு, ஷேருக்கான எல்லா உரிமைகளும் பலன்களும் அந்தப் பதிவில் உள்ள உரிமையாளருக்கே என்று சொல்கிறது. கம்பெனிச் சட்டமும் அவரைக் கம்பெனியின் உறுப்பினர் என்றே ஏற்கிறது. அதனால்தான் டிவிடெண்ட் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது, ஆண்டுப் பொதுக்கூட்டத் தீர்மானங்களில் ஓட்டுப் போடச் சொல்லி மின்னஞ்சல் வருகிறது.

அமெரிக்காவில் ஏற்பாடு கொஞ்சம் வேறு. அங்கே 1973 முதல் டி.டி.சி. என்ற மைய டெபாசிட்டரி உள்ளது. பெரும்பாலான ஷேர்கள் அதன் சார்பில் 'சீட் அண்டு கோ' என்ற பெயரில் பதிவாகி இருக்கும். உங்கள் பெயர் புரோக்கரின் புத்தகத்தில் இருக்கும். நம்முடையதைவிட ஒரு படி சுற்று வழிதான். ஆனால் அந்தப் புரோக்கர் திவாலாகி ஷேர்கள் காணாமல் போனால், ஒரு வாடிக்கையாளருக்கு 5 லட்சம் டாலர் வரை எஸ்.ஐ.பி.சி. என்ற அமைப்பின் பாதுகாப்பு உண்டு.

டோக்கன் எங்கே இருக்கிறது?

பிளாக்செயின் என்பது பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து பராமரிக்கும் ஒரு பொதுக் கணக்குப் புத்தகம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதில் "இந்த முகவரியிடம் இந்த டோக்கன் மூன்று உள்ளது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை யாரும் எளிதில் திருத்த முடியாது. இதெல்லாம் உண்மை, நல்ல தொழில்நுட்பம்தான்.

ஆனால் அந்தப் புத்தகம் ஆப்பிள் நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேடு அல்ல. ஆப்பிளுக்கு அதில் உள்ள முகவரிகளைப் பற்றி எதுவும் தெரியாது. அப்படியானால் டோக்கன் வைத்திருப்பவருக்கு யாரிடம் என்ன உரிமை? இதற்கு விடை டோக்கனுக்கு டோக்கன் மாறுகிறது.

எக்ஸ்ஸ்டாக்ஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். பேக்டு என்ற நிறுவனம் 2025 ஜூன் 30 அன்று கிராக்கன், பைபிட் சந்தைகள் வழியாகவும் சொலானா பிளாக்செயினிலும் இதை வெளியிட்டது. சுமார் 60 ஷேர்கள் மற்றும் ஃபண்டுகளுக்கான டோக்கன்கள். வெளியிடும் நிறுவனம் உண்மையான ஷேர்களை வாங்கி ஒரு கஸ்டோடியனிடம் வைக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது அந்த ஷேரின் விலையைப் பின்தொடரும் ஒரு கடன் பத்திரம். ஓட்டுரிமை கிடையாது. டிவிடெண்ட் பணமாக வராது, அதற்கு ஈடாக டோக்கன் எண்ணிக்கை சற்று கூடும். உங்கள் உரிமை பத்திரத்தை வெளியிட்டவரிடம் மட்டுமே, ஆப்பிளிடம் அல்ல.

அதே 2025 ஜூன் 30 அன்று ராபின்ஹூட் நிறுவனமும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு 200-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஷேர்கள், ஃபண்டுகளுக்கு டோக்கன் வெளியிட்டது. இவை சட்டப்படி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள். அதாவது, விலை ஏறினால் இறங்கினால் அதற்கேற்பப் பணம் தருகிறேன் என்று ராபின்ஹூட் உங்களோடு செய்யும் ஒப்பந்தம்.

மூன்றாவது வகையில் பின்னால் ஷேரே இருக்காது. டெர்ரா பிளாக்செயினில் இயங்கிய மிரர் அப்படிப்பட்டது. வேறு கிரிப்டோ நாணயங்களை ஈடாக வைத்து, ஷேர் விலையைப் போல நடிக்கும் டோக்கன்களை உருவாக்கினார்கள். 2022 மே மாதம் டெர்ரா சரிந்தபோது அந்த ஈடும் கரைந்தது. இதற்கு மேல் இந்த வகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு நிறுவனமே மறுத்த கதை

ராபின்ஹூட் தன் டோக்கன்களை அறிமுகம் செய்தபோது ஓப்பன்ஏஐ, ஸ்பேஸ்எக்ஸ் ஆகியவற்றின் பெயரிலும் டோக்கன்களை ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு அன்பளிப்பாக அறிவித்தது. இரண்டுமே அப்போது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்கள். சாமானியர் நினைத்தாலும் ஷேர் வாங்க முடியாது. ஆகவே பெரும் பரபரப்பு.

இரண்டே நாளில், 2025 ஜூலை 2 அன்று, ஓப்பன்ஏஐ நிறுவனம் பகிரங்கமாக மறுப்பு வெளியிட்டது. இந்த டோக்கன்கள் ஓப்பன்ஏஐயின் பங்கு அல்ல, இதில் ராபின்ஹூடுடன் நாங்கள் கூட்டுச் சேரவில்லை, எங்கள் பங்கு கைமாற எங்கள் ஒப்புதல் வேண்டும், அப்படி எதற்கும் ஒப்புதல் தரவில்லை என்பது அதன் சாரம். ராபின்ஹூட் தலைவர் விளாட் டெனெவும் இவை கண்டிப்பான பொருளில் பங்கு அல்ல என்று ஒப்புக்கொண்டார். ஓப்பன்ஏஐயில் முதலீடு வைத்துள்ள ஒரு இடைநிலை அமைப்பில் ராபின்ஹூடுக்குப் பங்கு இருந்தது, அதைக் காட்டி டோக்கன் வெளியிட்டார்கள். லிதுவேனியாவின் மத்திய வங்கி விளக்கம் கேட்டது.

டோக்கனின் மேல் எழுதியிருக்கும் பெயருக்குரிய நிறுவனமே "எனக்கு இதில் சம்பந்தமில்லை" என்று சொல்ல முடிகிறது. உங்கள் டீமேட் கணக்கில் உள்ள ஷேரைப் பார்த்து எந்தக் கம்பெனியும் அப்படிச் சொல்ல முடியாது.

நடுவில் இருப்பவர் விழுந்தால்?

பெரியப்பாவுக்கு நான் அதிக நேரம் விளக்கியது இந்தப் பகுதியைத்தான். எல்லாம் நன்றாக நடக்கும்போது டோக்கனும் ஷேரும் ஒன்றுபோலவே தெரியும். கெட்டுப் போகும்போதுதான் எது எது என்று தெரியும்.

நம் நாட்டிலேயே ஒரு கெட்ட உதாரணம் உண்டு. 2019-ல் கார்வி என்ற பெரிய புரோக்கர் நிறுவனம் வாடிக்கையாளர்களின் ஷேர்களைத் தன் கணக்குக்கு மாற்றி அடகு வைத்தது அம்பலமானது. நவம்பர் 22 அன்று செபி தடை உத்தரவு போட்டது. டிசம்பர் 2 அன்று சுமார் 83 ஆயிரம் பேரின் ஷேர்கள் அவரவர் டீமேட் கணக்குகளுக்குத் திருப்பி மாற்றப்பட்டன. எல்லாருக்கும் உடனே முழுதாகக் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கடன் கொடுத்த நிறுவனங்கள் வழக்காடின, சிலர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் புரோக்கருக்கு வெளியே தனியாக ஒரு பதிவேடு இருந்ததால், எது யாருடையது என்று பார்த்து எடுத்துக் கொடுக்க முடிந்தது.

இப்போது எப்.டி.எக்ஸ் கதை. இந்தக் கிரிப்டோ சந்தை 2020 முதல் டெஸ்லா, ஆப்பிள் போன்றவற்றின் டோக்கன்களை விற்றது. 2022 நவம்பர் 11 அன்று திவால் மனு கொடுத்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கில் இருந்ததைத் திரும்பக் கேட்டு நீதிமன்ற வரிசையில் நின்றார்கள். கணக்கில் இருந்த கிரிப்டோ சொத்துகளுக்கு மனு கொடுத்த நாளின் விலையில் டாலர் மதிப்புப் போடப்பட்டது. அதன் பிறகு அவற்றின் விலை எவ்வளவு ஏறினாலும் அந்த ஏற்றத்தை அவர்கள் உரிமையாகக் கேட்க முடியவில்லை. சொத்துக்காரர் கடன் கொடுத்தவர் ஆகிவிட்டார்.

விழவே வேண்டியதில்லை, கடையை மூடினாலும் போதும். பைனான்ஸ் என்ற கிரிப்டோ சந்தை (நம்மூர் பைனான்ஸ் கம்பெனி அல்ல, அதன் பெயரே அதுதான்) 2021 ஏப்ரலில் டெஸ்லா டோக்கனை விற்கத் தொடங்கியது. ஜெர்மனியின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது. ஜூலையில் விற்பனையை நிறுத்தி, அக்டோபரோடு சேவையையே முடித்துக்கொண்டது. நீண்ட காலம் வைத்திருக்கலாம் என்று வாங்கியவருக்கு ஆறே மாதம்தான்.

24 மணி நேரம் என்ற கவர்ச்சி

நியூயார்க் சந்தை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியத்திலும் சில டோக்கன்களை வாங்க முடியும். வசதிதான். ஆனால் அந்த நேரத்தில் உண்மையான ஷேருக்கு விலையே இல்லை. டோக்கன் வைத்திருக்கும் சிலர் தங்களுக்குள் கேட்பதும் கொடுப்பதும்தான் விலை. கூட்டம் குறைவாக இருந்தால் ஒரு பெரிய ஆர்டரே விலையை எங்கோ கொண்டுபோய்விடும். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் அது இறங்கி வரும், இடையில் வாங்கியவர் மாட்டிக்கொள்வார். சாதாரண முதலீட்டாளருக்கு ஞாயிற்றுக்கிழமை ஷேர் வாங்க அப்படி என்ன அவசரம் என்பது எனக்குப் புரியவில்லை.

சாவி விஷயமும் உண்டு. டீமேட் பாஸ்வேர்டு மறந்தால் புதிதாக வாங்கலாம். கணக்கு வைத்திருப்பவர் காலமானால் நாமினிக்குப் போகும். சொந்த வாலட்டில் டோக்கன் வைத்தால் 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புத் தொடர்தான் எல்லாம். அதை எழுதிய தாள் தொலைந்தால் வீட்டாருக்கு டோக்கன் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. இதற்கு நேர்மாறாக, சொலானாவின் புதிய டோக்கன் தரத்தில் வெளியிட்டவரே யாருடைய வாலட்டிலிருந்தும் டோக்கனை எடுக்கும் அதிகாரத்தை வைத்துக்கொள்ளும் வசதியும் உள்ளது.

உண்மையிலேயே ஷேரான டோக்கன்

டோக்கன் என்றாலே போலி என்று நினைத்துவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் கேலக்ஸி டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம் தன் சொந்த ஷேரையே சொலானாவில் டோக்கனாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. அங்கே சூப்பர்ஸ்டேட் என்ற பதிவாளர், டோக்கன் கைமாறும்போது நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேட்டையும் மாற்றுகிறார். டோக்கன் வைத்திருப்பவர் பங்குதாரரேதான். 2025 டிசம்பரில் டி.டி.சி.யும் தன்னிடமுள்ள ஷேர்களை டோக்கனாக மாற்றும் திட்டத்துக்கு அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி. அலுவலர்களின் இசைவுக் கடிதம் பெற்றது. இரண்டிலும் தொழில்நுட்பம் எக்ஸ்ஸ்டாக்ஸில் உள்ளதைப் போன்றதுதான். பதிவேட்டோடு இணைப்பு இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

இப்போது நீங்கள் செய்து பார்க்க வேண்டியது

உங்களிடம் டீமேட் கணக்கு இருந்தால் மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். அனுப்பியவர் புரோக்கர் அல்ல, டெபாசிட்டரி. ஒவ்வொரு ஷேருக்கும் நேராக 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஐசின் எண் இருக்கும். இந்தியக் கம்பெனி ஷேர் என்றால் ஐ, என், இ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும்.

அடுத்து, விளம்பரத்தில் வந்த டோக்கனின் தளத்துக்குப் போய், பெரிய எழுத்துகளைத் தாண்டிக் கீழே சிறிய எழுத்தில் உள்ள சட்டக் குறிப்பைத் திறவுங்கள். டிராக்கர் சான்றிதழ், டெரிவேட்டிவ், கடன் பத்திரம் ஆகிய சொற்களில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் தேடும் பெட்டி வரும். வெளியிட்டவர் யார், எந்த நாட்டில் பதிவானவர், எந்த நாட்டவருக்கு விற்பதில்லை என்பதும் அங்கேதான் இருக்கும். டெஸ்லா என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு டோக்கன் உருவாக்கலாம், நானே உருவாக்கிக் காட்டுவேன். ஆகவே பெயரையும் படத்தையும் நம்பாமல் டோக்கனின் முகவரியை வெளியிட்டவரின் தளத்தில் உள்ள முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

அமெரிக்க ஷேர்தான் வேண்டும் என்றால் அதற்கு முறையான வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பி அங்குள்ள புரோக்கர் மூலம் வாங்கலாம். அங்கே ஒரு ஷேரின் சிறு பகுதியையும் வாங்க முடியும் என்பதால், சில நூறு ரூபாய் என்ற விளம்பர வாசகத்துக்காக டோக்கனைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெரியப்பா இப்போது இந்த வழிக்கான வங்கிப் படிவத்தையும் கட்டண விவரத்தையும் படித்துக்கொண்டிருக்கிறார். பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் கட்டணம் சிறு தொகைக்குக் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுகிறார்.