கன்றின் கழிச்சலும் கல்லீரலும்

உலு திராம் தோட்டங்களில் மாடு வளர்க்கும் அன்பர்களே! பிறந்த கன்றுக்குக் கழிச்சல் கண்டால் பாலை நிறுத்திவிட எண்ணுகிறோம். அது தீங்கு. கழிச்சலில் நீரோடு உப்புச் சத்துகளும் வெளியேறுகின்றன. இரத்தத்தில் அமிலம் மிகுந்து, கண்கள் குழிந்து, கன்று துவள்கிறது. அதன் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்போ மிகச் சொற்பம். பட்டினியில் அதுவும் விரைவில் தீரும். ஆதலால் பாலும் ஊட்டி, இடையிடையே கால்நடை மருத்துவர் தரும் உப்புக் கரைசலையும் புகட்டுவோம். எழமாட்டாத கன்றுக்கு மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.

இரத்தச் சோதனையில் ஒரு விந்தையுண்டு. ‘ஜி.ஜி.டி.’ என்னும் நொதி மிகுந்தால் வளர்ந்த மாட்டில் ஈரல் நோயை ஐயுறுவர். பிறந்து சில நாளே ஆன கன்றிலோ அது சீம்பால் வழி வந்தது, குறைவாயிருப்பதே கவலைக்குரியது. சீம்பால் போதவில்லை என்பதே அதன் பொருள். பிறந்த 6 மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுக. அதன் நோய்த்தடுப்புச் சத்தை ஈர்க்கும் குடலின் வழி 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும்.